பன்னிரண்டடி ரெங்கசாமி

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

காலண்டர் வசந்தகுமார் வந்தார். ஆடிப்பெருக்கு கழிந்ததும் சிவகாசியிலிருந்து ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆலங்குடிக்கு வந்துவிடுவார். முருகன், லட்சுமி, ரோஜாப்பூ வைத்த குழந்தை என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். வருடா வருடம் ‘அழகி மளிகை, கடைவீதி, ஆலங்குடி. உரிமையாளர்: க. ரெங்கசாமி’ என்று இருநூறு காலண்டர் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். மயில்மேல் அமர்ந்த முருகன் படத்தில் விரலை வைத்தேன்.

உள்ளேயிருந்து அமுதவல்லி குரல் கொடுத்தாள். "அடுத்த வருசம் கடை இருக்கான்னு பாத்துட்டு அடிக்கலாம்ங்க."

கட்டின மனைவி, வெளியாள் முன்னால்! வசந்தகுமார் ஆல்பத்தை மூடிவிட்டு, "தீபாவளி கழிச்சு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

எதிரே பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தில் ‘கூடைநிறை சூப்பர் மார்க்கெட்’ வருகிறது. அவர்களுக்கு இது எட்டாவது கிளையாம். ஏசி வேறு. தீபாவளி வரை பார்ப்பது, ஓடாவிட்டால் கடையை மூடிவிட்டு விக்ரமிடம் சென்னைக்குப் போய்விடுவது. இது அமுதவல்லியின் முடிவு. மகன் வீடு மூன்றாவது மாடி. அங்கே போய் நான் என்ன செய்வேன்? பேரனுக்குப் பொட்டலம் கட்டிக் காட்டுவேனா? முப்பத்திரண்டு வருடக் கடை. விட முடியாது. விடவே முடியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வணிகர் சங்க அவசரக் கூட்டம். தலைவர் பாத்திரக்கடை வீரய்யா, என் பள்ளித் தோழன். செயலாளர் நான். தீர்மானங்களை நானே எழுதினேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கேயும் குறிக்கிறேன்.

ஒன்று: சங்க உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ மேற்படி கடைக்குள் காலடி வைத்தால், கடைவீதிப் பிள்ளையார் முன்பாக, பொதுமக்கள் பார்க்க, உறுப்பினர் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட வேண்டியது. ("பதினொன்னு போதும்ப்பா" என்றான் வீரய்யா. திருத்தியது நான்.)

இரண்டு: மேற்படி கடையின் திறப்பு விழா நாளான 29ஆம் தேதி, எதிர்ப்பைக் காட்டும் பொருட்டு, கடைவீதி முழுவதும் கடையடைப்பு.

மூன்று: யாரும் பின்பக்கமாக வியாபாரம் செய்துவிடாதபடி, சாவிகள் அனைத்தும் முந்தின நாளே தலைவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது.

படித்து முடித்ததும் கைதட்டினார்கள். நடை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடையடைப்பு மாபெரும் வெற்றி. ஒரு கடைகூடத் திறக்கவில்லை.

அதனால் ஊர் மொத்தமும் கூடைநிறைக்குப் போய்விட்டது.

பின்னே எங்கே போவார்கள்? ஊருக்கு உப்பு வேண்டும், பால் வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு வெற்றிலை பாக்கு வேண்டும். பத்து மணிக்கு மண்டப வாசலில் திருவிழாக் கூட்டம். கறுப்புக் கொடி காட்டலாம் என்று போனோம். கறுப்புத் துணி வாங்க ஜவுளிக்கடைக்குப் போனால் அதுவும் அடைப்பு. ஆளுக்கொரு கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு எதிரே நின்றோம். வெயிலுக்கு நிழல் தர ஏற்பாடு போலிருக்கிறது என்று வரிசையில் நின்ற நாலு பேர் எங்கள் குடைக்குள் வந்துவிட்டார்கள்.

அப்புறம் தள்ளுமுள்ளு. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை நெருக்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளைக இங்கிட்டு, ஆம்பளைக அங்கிட்டு" என்று வரிசையைப் பிரித்து விட்டேன். பழக்க தோஷம். மதியம் வரை நான்தான் வரிசையைப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் மேலாளர் பிராங்க்ளின், டை கட்டின திருச்சிப் பையன், வந்து கை கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

"ஏப்பா ரெங்கு, கடைய நம்ம பூட்டுனா சனம் அங்கதானே போகும்? இத ஒருத்தரும் யோசிக்கலையா?" என்றான் வீரய்யா.

"எழுதும்போது நல்லாத்தான்ப்பா இருந்துச்சு."

இரவு சாப்பாட்டில் சாம்பார் பிரமாதம். பருப்பு மலர வெந்திருந்தது. நம்ம கடைச் சரக்கு சரக்குதான் என்றேன். அமுதவல்லி அவசரமாக ரசத்தை ஊற்றினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் ஒரு பெண் போன் செய்து, "வாழ்த்துக்கள் சார், உங்களுக்கு ஃப்ரிட்ஜ் விழுந்திருக்கு" என்றது. ஓடிபி சொல்ல மாட்டேன், போலீசில் சொல்வேன் என்று கத்திவிட்டு வைத்தேன். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார்கள். "கூடைநிறை திறப்பு விழாக் குலுக்கல்! முதல் பரிசு, இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்! கடைவீதி அழகி மளிகை, திரு. ரெங்கசாமி அவர்கள்!"

நான் கடை வாசலில் அப்படியே நின்றேன். கையில் முறத்தோடு.

அமுதவல்லி ஒப்புக்கொண்டாள். 29ஆம் தேதி வீட்டில் பருப்பு இல்லை. சொந்தக் கடை நிறையப் பருப்பு இருக்கிறது, சாவி வீரய்யா வீட்டில் இருக்கிறது. தீர்மானம் மூன்று. "எடுக்கவா முடியும்? அங்கிட்டுப் பின்வாசல் வழியா போயி அரைக் கிலோ வாங்குனேன். கூப்பன் குடுத்தாக. குடும்பத் தலைவர் பேருன்னு போட்டிருந்துச்சு. ஒங்க பேரத்தான எழுத முடியும்?"

அந்தச் சாம்பாரை நான் பாராட்டியிருக்கக் கூடாது. மூன்று கரண்டி வாங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பிள்ளையார் கோவில் வாசல். காலை ஒன்பது மணி. நல்ல கூட்டம். வீரய்யா என் முகத்தைப் பார்க்காமல் எண்ணினான். இருபத்து மூன்றில் முழங்கால் சத்தம் போட்டது. முப்பத்தொன்றில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பொதுமக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படித்தான் நானே எழுதிவைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமுதவல்லி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். "பருப்பு வாங்குனது நான். மிச்சத்த நான் போடுறேன். எண்ணுங்கண்ணே" என்றாள். மீதி எழுபத்தேழையும் மூச்சு வாங்காமல் போட்டாள். கடைசியில் கைதட்டலே கேட்டது. என் தீர்மானத்துக்குக்கூட அவ்வளவு தட்டவில்லை.

செயலாளர் பதவியிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீரய்யா என்னோடு பேசாமல் போய்விட்டான்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவள் சொன்னது: "குனிஞ்சு எந்திரிச்சாச்சு. இனி எதுக்கு விடணும்?"

செப்டம்பர் 11, வியாழன்

பரிசை வாங்கிக்கொண்டேன். போட்டோ எடுத்தார்கள். கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கச் சொன்னான் பிராங்க்ளின். எனக்கு அது வராது. கேமராவைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டுவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டடி உயரம். அவர்கள் வாசலில், என் கடைக்கு நேர் எதிரே. மேலே ‘ஆலங்குடி மக்களை அன்புடன் வரவேற்கிறோம்’. நடுவில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி நான். அடியில் பொடி எழுத்தில் ‘முதல் பரிசு பெற்றவர்’. அந்த வரிக்கு முன்னால் துடைப்பக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள்.

கல்லாவில் உட்கார்ந்தால் என் முகத்தையே நாள் முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கிறது. வலது காது கொஞ்சம் பெரிதோ?

செப்டம்பர் 15, திங்கள்

மதியம் வரை ஒரே ஆள். அதுவும் கூடைநிறை பில் போடும் பெண் பிளெஸ்ஸி, சில்லறை கேட்டு. கொடுத்தேன். சிரித்த முகமாகக் கேட்கிறது அந்தப் பிள்ளை, என்ன செய்ய.

ரொம்பக் கவலையாக இருக்கிறது. அமுதவல்லி சென்னை ரயில் நேரங்களைப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 18, வியாழன்

வடகாட்டுச் செல்வராணி வந்தது. இருபது வருட வாடிக்கை. கூடைநிறைப் பையோடுதான் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கோ முகம் கொள்ளாத சந்தோஷம்.

"அண்ணே, இம்புட்டுப் பெரிய கடையப் போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே! இன்னும் இந்தப் பொட்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கீங்க!"

"அது என் கடை இல்ல, ஆத்தா."

"வாசல்ல கும்புட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

"பரிசு விழுந்துச்சு. அதுக்குப் போட்டோ எடுத்தாக."

"பரிசு வாங்குனவுக எதுக்குக் கும்புடுறாக? கடைக்காரவுகதான் வா வான்னு கும்புடுவாக."

அது குரலைத் தாழ்த்தி, வருமான வரிக்காரர்களுக்குப் பயந்துதானே மறைக்கிறீர்கள், நான் மூச்சுவிட மாட்டேன் என்றது. போகும்போது ஒரு புகாரும் சொன்னது. உள்ளே இருக்கிற பெண் கொசுறாக ஒரு கை கடலைகூடப் போடவில்லையாம். "அண்ணன் கடைதான, அள்ளிப் போடுன்னேன். பேந்தப் பேந்த முழிக்குது. வேற நல்ல ஆளாப் போடுங்கண்ணே."

செப்டம்பர் 23, செவ்வாய்

பிராங்க்ளின் வந்தான். டை கோணிக் கிடந்தது. அந்த ஃப்ரிட்ஜை இப்போது கடையில்தான் வைத்திருக்கிறேன், கூடைநிறை ஸ்டிக்கர் உரிய மாட்டேன் என்கிறது. அதிலிருந்து ஒரு பன்னீர் சோடா எடுத்துக் கொடுத்தேன்.

"சார், வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், எல்லா ஊர்லேர்ந்தும் வர்றாங்க. எல்லாரும் உங்க கடைன்னு நினைச்சு வர்றாங்க. காதுகுத்துக்கு வாங்கினது மிஞ்சிருச்சுன்னு ஒருத்தர் நாலு கிலோ வெல்லத்தத் திருப்பிக் கொண்டாந்து கவுண்டர்ல வச்சுட்டார். எங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு வழியே இல்ல சார். ஒரு அம்மா பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சு பாதி குடுங்கிறாங்க. பத்து ரூபாய்க்குக் கடுகு கேக்குறாங்க. ஒருத்தர் துண்ட விரிச்சு அரிசியக் கொட்டுங்கிறார். நேத்து பிளெஸ்ஸிகிட்ட ஒரு குழந்தைய விட்டுட்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்தாங்க. கேட்டா, ரெங்கசாமி அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார்ங்கிறாங்க."

உண்மைதான். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மிஞ்சின வெல்லத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதவன் இந்தக் கடைவீதியில் விசேஷத்துக்குச் சாமான் கொடுக்க முடியுமா?

"ஃப்ளெக்ஸ எடுத்துருங்க தம்பி."

"ஹெட் ஆபீஸ்ல சொல்லணும் சார். தீபாவளி வரைக்கும் இருக்கணும்னு ஆர்டர்."

தீபாவளி வரைக்கும். எல்லோருக்கும் அதே கெடுதான் போலிருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

கபடிக் குழுவினர் வந்து பதினான்கு பேருக்குப் பனியன் கேட்டார்கள். கோவில் கமிட்டி ஒருநாள் அன்னதானம் கேட்டது. எதிரே நிற்கிற பன்னிரண்டடி ரெங்கசாமியிடம் கேளுங்கள் என்றேன். தன்னடக்கம் என்று சொல்லிச் சிரித்தார்கள். இங்கே ஆறு மூட்டை அரிசி அப்படியே இருக்கிறது. என்னிடம் பனியன் கேட்கிறார்கள்!

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ப்புறமாகச் சும்மா நடந்தேன். அங்கே புதிதாய் வந்த வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். நானும் மெல்லத் தலையசைத்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

என்ன நாள் இது!

கூடைநிறையில் பூஜை. கடையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடச் சொல்லியிருக்கிறான் பிராங்க்ளின். வேலைக்காரப் பிள்ளைகள் தராசு, தள்ளுவண்டி, கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, மிச்சமிருந்த பெரிய ரோஜா மாலையை ஃப்ளெக்ஸுக்கும் போட்டுவிட்டார்கள். நெற்றியில் பொட்டு. பக்கத்தில் ஊதுவத்தி.

போட்டோவுக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம்?

மத்தியானம் வீட்டில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்தே ஒப்பாரி. "என்னப் பெத்த அண்ணே, ஏசிக் கடையில ஒரு வருசம் ஒக்காரலையே!" செல்வராணி. பின்னால் ஏழெட்டுப் பேர், ஒருவர் கையில் வேறொரு மாலை. வாயில் வடையோடு நான் வெளியே வந்தேன். அது வீறிட்டுவிட்டுத் திகைத்து நின்றது. அப்புறம் அதற்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோடதான் இருக்கீங்களா? நல்ல நாளும் அதுவுமா அடுப்புல சுண்டல விட்டுட்டு ஓடியாந்தேனே!"

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் வீரய்யா ஓடி வந்தான். காலில் செருப்பில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "செத்துட்டியாம்ல!" இல்லப்பா என்றேன். "பேசாமயே போயிட்டியேன்னு..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "அன்னைக்கு ஒனக்குத் தோப்புக்கரணம் எண்ணும்போது இடையில நாலு விட்டுத்தான் எண்ணுனேன்" என்றான். நான் போட்டது முப்பத்தொன்றுகூட இல்லை, இருபத்தேழுதான்!

இந்த அமளியில் அமுதவல்லியைக் காணவில்லை. காய் நறுக்கும் கத்தியோடு மண்டபத்து வாசலுக்குப் போயிருக்கிறாள். தாலிக்கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுத்தாளாம். பிராங்க்ளின், "அம்மா, ஹெட் ஆபீஸ்" என்றானாம். "எந்த ஆபீசையும் வரச் சொல்லு தம்பி, நான் இங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாளாம். சுருட்டிக்கொண்டு வந்து கொல்லையில் விறகுக்கு மேல் போர்த்திவிட்டாள். என் முகம் கீழே இருக்கும்படி.

பிராங்க்ளின் சாயங்காலம் வந்து மனமார மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். நல்ல பையன்தான்.

அக்டோபர் 6, திங்கள்

செல்வராணி மறுபடியும். இந்தத் தடவை குரல் தழுதழுக்க. "ஆளு போகலை, கடைதான் போயிருச்சுன்னு இப்பத்தான் புரியுது. ஒங்க படத்த எறக்கிட்டாகளே அண்ணே. நட்டமா? யாரு ஏமாத்துனா?"

அது என் கடையே இல்லை என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். குலுக்கல், பருப்பு, சாவி எல்லாம்.

"மனசு ஆறுறதுக்கு அப்படித்தான் நெனச்சுக்கணும்" என்றது. பத்துக் கிலோ அரிசியும் தீபாவளிச் சாமான் மொத்தமும் என் கடையிலேயே வாங்கியது. "இந்தச் சின்னக் கடையாச்சும் ஒங்களுக்கு நிக்கணும்."

அக்டோபர் 13, திங்கள்

துக்கம் விசாரிக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. எவ்வளவு மறுக்கிறேனோ அவ்வளவு கடலைமாவு போகிறது.

வீரய்யா காலையிலேயே வந்து என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். ஆள் வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறான். இன்று ஒருவரிடம், "அதுல நானும் பங்குதான், பாத்திரப் பிரிவு என்னோடது, எல்லாம் போச்சு" என்றான். அந்த மனிதர் கண் கலங்கி அவன் கடையில் இட்லிக் கொப்பரை வாங்கிவிட்டார்.

"பொய்யாச்சேப்பா" என்றேன்.

"நீதான் மெய்யச் சொல்றேல்ல. ஒரு கடைவீதிக்கு ஒரு ஆளு போதும்."

அக்டோபர் 18, சனி

நிற்க நேரமில்லை. எதிரேயும் கூட்டம்தான், பொய் சொல்வானேன். ஏசிக்கு ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகட்டும். பத்து ரூபாய்க் கடுகு கேட்பவர்களை இப்போது பிளெஸ்ஸியே கை காட்டி இங்கே அனுப்பிவிடுகிறது. அந்த ஃப்ரிட்ஜில் தயிரும் மாவும் நன்றாகப் போகின்றன. அமுதவல்லி காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறாள். பொட்டலம் கட்டுவதில் என்னைவிட வேகம். இதை நான் எப்போது கவனித்தேன்? இன்றைக்குத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடையடைப்பு. இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வசந்தகுமார் ஆல்பத்தோடு வந்தார். நான் அமுதவல்லியைப் பார்த்தேன். கெடு முடிந்துவிட்டது. இந்தத் தீபாவளி ஓடியது இரக்கத்தில் ஓடியது, அடுத்த தீபாவளிக்கு ஊர் இரக்கப்படுமா என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சென்னை என்று சொன்னால் கிளம்பிவிடுவது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். தோப்புக்கரணம் போட்டவள் அவள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முருகன் போதும். இவுக போட்டோ வேணவே வேணாம். ஆணியில மாட்டுவாக, அப்பறம் எவனாச்சும் மாலையப் போடுவான்."

"அதே எரநூறா?" என்றார் வசந்தகுமார்.

"முந்நூறு. அந்தத் திருச்சித் தம்பியும் ஒண்ணு கேட்டிருக்கு."

அவர் ஆர்டர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்டார், "பேரு போன வருசம் மாதிரியேதான? உரிமையாளர் ரெங்கசாமி?"

அமுதவல்லி ஆல்பத்தை மூடினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கடை போயிருச்சுன்னு வடகாட்டுலேர்ந்து கீரமங்கலம் வரைக்கும் ஒங்களத்தான் வந்து துக்கம் விசாரிச்சாக. என்னைய ஒருத்தராச்சும் கேட்டாகளா?"

முப்பத்திரண்டு வருடம். எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

நான் வசந்தகுமாரிடமிருந்து பேனாவை வாங்கி நானே எழுதினேன். ‘உரிமையாளர்கள்: அமுதவல்லி, ரெங்கசாமி.’ அவள் எட்டிப் பார்த்து, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றாள்.